நாலு பேருக்கு ஒரு தட்டு

ஒரு பகல் சாப்பாட்டில் பெண்டாட்டியைத் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று ரஸீன் நம்பினான். நம்பாமல் வேறு என்ன செய்ய? ஜெஸீமா அக்குறணையில் தாய் வீட்டுக்குப் போய் எட்டு மாதம். மகள் ஷஹ்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். சமாதானம் பேசப் போன பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு தடவையும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். திங்கட்கிழமை காதியாரிடம் மணவிலக்குக் கேட்டு மனுக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. மனுவில் அவள் கையெழுத்தும் வைத்தாயிற்று. அதற்கு முதல் நாள், ஞாயிறு பகல், மகளோடும் அண்ணன் இல்ஹாமோடும் வந்து, கண்டியில் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட மட்டும் சம்மதித்திருந்தாள்.

ஏன் சம்மதித்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. துருவிக் கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில் அவன் கேட்கவும் இல்லை.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை ரஸீனுக்கு. கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சூது கிடையாது, ஐந்து நேரத் தொழுகை தவறாது. அவனுக்கிருந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: எதைக் கண்டாலும் பெறுமதி பார்ப்பான். எச்சில் கையால் காகம் விரட்டாதவன் என்று ஊரில் சிலரைச் சொல்வார்கள். ரஸீன் அதற்கும் ஒரு படி மேல். காகம் வந்தால் அது கொத்திப் போன சோறு எத்தனை பருக்கை என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஈர மிளகை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கியே, காய்ந்தால் கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்று சொல்லிவிடுவான். கடையில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு ஒரே வீட்டில் பதின்மூன்று வருடம் சீவிப்பதென்றால் என்ன என்று ஜெஸீமாவைத்தான் கேட்க வேண்டும்.

போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றாள். தனியாரிடம் போனால் இவ்வளவு ஆகும், நாளைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் சும்மா பார்க்கலாம் என்று ஒரு நாள் தள்ளிவைத்தான். அந்த ஒரு நாளில் டெங்கு அவளைச் சாய்த்துவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் இரண்டு நாள் பேச்சு மூச்சில்லை. சுகமாகி வீட்டுக்கு வந்தவள் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை.

"நான் மவுத்தாகி ஈந்தா கபன் துணியயும் நீங்க நாலு கடை ஏறி எறங்கித்தான் வாங்கி ஈப்பீங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

செத்தால் போர்த்துகிற துணிக்கும் விலை பார்ப்பாய் என்ற அந்தப் பேச்சை அவன் எட்டு மாதமாகச் சுமந்து திரிந்தான். அநியாயமாகச் சொல்லிவிட்டாளே என்று கோபப்படவும் முடியவில்லை. இரவில் படுத்துக்கொண்டு தன்னைத் தானே கேட்டுப் பார்த்தான். நாலு கடை இல்லை, இரண்டு கடையாவது ஏறித்தான் இருப்பேன் என்று அவனுக்குத் தெரிந்தது. அதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஜப்பான் சாப்பாட்டுக்கடை அவனுடைய யோசனை இல்லை, அவளுடைய பழைய ஆசை. வாவிக்கு மேலே மலைச்சரிவில், கண்ணாடி போட்ட ஒரு மாடி. மூன்று வருடத்துக்கு முதல், கலியாணம் முடித்துப் பத்து வருடம் நிறைந்த நாளில், புது உடுப்போடு அவளை அந்த வாசல் வரைக்கும் கூட்டிப்போனான். வாசலில் தொங்கிய விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தான். இந்தக் காசுக்கு இரண்டு கிலோ தோரா மீன் வாங்கிப் பொரிக்கலாமே என்று சொல்லி, அப்படியே திருப்பிக் கூட்டி வந்தான். தோரா மீனாவது வாங்கினானா என்றால் அதுவும் இல்லை.

இந்த முறை அந்தப் பிழையைக் கழுவிவிடுவதென்று தீர்மானித்துக்கொண்டான். கோழி, இறைச்சி என்றால் அறுப்பு ஹலாலா என்ற கேள்வி வரும், மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கடையின் பக்கத்தை ஃபோனில் திறந்தான். கடல் உணவுப் பகல் சாப்பாடு என்று ஒரு படம் இருந்தது. அகலமான மரத்தட்டில் ஒன்பது கிண்ணம்: மீன், இறால், கணவாய், சூப், சோறு, என்னென்னவோ. கீழே விலை ஏழாயிரத்து எண்ணூறு. அந்த இடத்தில்தான் ஷைத்தான் வந்து பக்கத்தில் குந்தினான்.

ரஸீனுடைய ஆட்கள் விருந்தென்றால் சஹனில்தான் சாப்பிடுவார்கள். பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் இறைச்சியும் வைத்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை போடுவார்கள். கலியாண வீட்டிலும் அப்படித்தான், அக்குறணைச் சாப்பாட்டுக்கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான். விலை தட்டுக்கு. ஆளுக்கு விலை என்ற பேச்சே கிடையாது. ஒன்பது வகை சாப்பாடு வைத்த ஒரு தட்டை ஒரு மனிதன் தனியாக முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவான் என்பது ரஸீனின் புத்திக்கு எட்டவே எட்டாது. எனவே ஒரு தட்டு, நாலு பேர், ஏழாயிரத்து எண்ணூறு. அதுவே அவனுக்கு மலையைப் புரட்டின மாதிரி இருந்தது. பரவாயில்லை, அவளுக்காகத்தானே என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, படத்தை ஜெஸீமாவின் நானா இல்ஹாமுக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இதைத்தான் சாப்பிடப் போகிறோம் என்று கீழே எழுதினான்.

மறுநாள் சரி என்று பதில் வந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கு அவர்கள் வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டுக்கே அவன் போய்விட்டான். வாவி தெரியும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தான். பரிமாறும் பெண் வந்தாள். சஞ்சீவனி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சோஸில் வைன் ஏதும் சேர்ப்பார்களா என்று முதலில் விசாரித்தான். முஸ்லிம் ஆட்கள் வந்தால் அது இல்லாமல் தனியாகச் செய்து தருவோம் என்று அவள் சொன்னாள். அந்தக் கடல் சாப்பாட்டில் ஒன்று, ஆட்கள் வந்த பிறகு கொண்டு வாருங்கள் என்றான். மற்றவர்களுக்கு என்ன எடுப்பது என்று அவள் கேட்டாள். அதே போதும் தங்கச்சி என்று பெருந்தன்மையாகச் சொன்னான். ருசி பார்க்க ஒன்றை மட்டும் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் அங்கே வருவதுண்டு. அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. திங்கட்கிழமைக்குப் பிறகு தன் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். எட்டு மாதமாகப் பார்த்ததுதான், ஆனால் இதுவரை அது தற்காலிகம். மேசைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ், இந்த ஒரு தடவை மட்டும் என்று வாய்க்குள் கெஞ்சினான்.

ஒன்றே காலுக்கு வந்தார்கள். ஷஹ்மா ஓடி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் ஒரு முழம் வளர்ந்திருந்தாள். இல்ஹாம் ஸலாம் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தான். ஜெஸீமா தன் நானாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரஸீனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவன் தயாராகி வந்ததெல்லாம் கோபத்துக்குத்தான்.

"நீங்க இப்பிடிச் செய்வீங்க எண்டு நான் நினைக்கவே இல்ல" என்றாள்.

ஒனக்காகத்தான் என்றான். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான், ஆனால் உண்மையான சிரிப்பு. கடையில் ஏலம் என்ன விலை போகிறது என்று கேட்டாள். வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றதா என்று கேட்டாள். கூரையைக் கேட்கிறாள் என்றால் திரும்பி வருகிற எண்ணம் இல்லாமலா கேட்பாள்? திருத்திவிட்டேன், முழுதாகத் திருத்திவிட்டேன் என்றான். நாளைக்கே ஆள் பிடித்துத் திருத்துவதென்று அந்த நிமிடமே நேர்ந்துகொண்டான்.

அப்போதுதான் தட்டு வந்தது.

சஞ்சீவனி அதை ஜெஸீமாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். மூன்று துண்டு பச்சை மீன், மாவில் தோய்த்துப் பொரித்த இறால் இரண்டு, உள்ளங்கை அளவு சுட்ட மீன், கணவாய் வளையம் நாலு, அவித்த முட்டை ஒரு சிறு கோப்பையில், சூப், ஊறுகாய், தொட்டுக்கொள்ளச் சோஸ், ஒரு கிண்ணம் சோறு. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. வெளிநாட்டுச் சாப்பாடு அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். தட்டை இரண்டு கையாலும் நகர்த்தி மேசைக்கு நடுவில் வைத்தான்.

பிஸ்மி சொல்லித் தொடங்குவோம் என்றான். ஒருவரும் கை வைக்கவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவனே பங்கு வைக்கத் தொடங்கினான். சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கரண்டியால் நாலாகப் பிரித்தான். இரண்டு இறாலையும் கையால் நடுவில் முறித்து நாலு துண்டாக்கினான். ஆளுக்கொரு கணவாய் வளையம் வைத்தான். மூன்று துண்டு பச்சை மீனை நாலு பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று ஒரு கணம் யோசித்து, எனக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தான். பங்கு வைப்பதில் அவன் கைக்கு நிகர் கிடையாது, ஒரு பருக்கை கூடக் குறைய இல்லை. ஜெஸீமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேர் முன்னாலும் மூன்று தட்டு. ரஸீன் மட்டும் அதைக் காணவில்லை.

மற்றத் தட்டெல்லாம் எப்போது வரும் என்று இல்ஹாம் மெதுவாகக் கேட்டான். எந்த மற்றத் தட்டு என்று ரஸீன் கேட்டான். தண்ணீர் ஊற்ற வந்த சஞ்சீவனி நாலு பங்கையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"சார், இது ஒருத்தருக்குத்தான். ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும்" என்றாள்.

இந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இல்லாவிட்டால் சரி, இன்னும் மூன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். விதி யாரை விட்டது? மூளைக்கு விளங்க முதல் வாய் முந்திக்கொண்டது.

"ஏழாயிரத்தி எண்ணூறு ஒராளுக்கா?"

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். ஷஹ்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெஸீமாவின் முகத்தில் இருந்தது என்னவென்று சொல்வது? விளக்கை ஊதி அணைத்த மாதிரி அந்தச் சிரிப்பு போய்விட்டது. தான் சொன்னது என்னவென்று ரஸீனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. இன்னும் மூன்று கொண்டு வாருங்கள், சுறுக்காக, நாலு வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள் என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சினான். ஜெஸீமாவின் பக்கம் திரும்பினான். சஹன் மாதிரி என்று நினைத்துவிட்டேன், சத்தியமாக நாலு பேருக்கு ஒரு தட்டு என்றுதான் நினைத்தேன், குர்ஆனில் அடித்துச் சொல்கிறேன் என்றான். ஒரு ஆம்பிளை இப்படி நாலு பேர் பார்க்க மன்றாடக் கூடாது என்று கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜெஸீமா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"நீங்க பொய் செல்லல்ல. ஒங்களுக்கு உண்மையாவே தெரியாது. அது எனக்கு விளங்குது."

அவனுக்கு மூச்சு வந்தது. தப்பித்தேன் என்றே நினைத்துவிட்டான்.

"பிழையா நினைச்சது நான்தான்" என்றாள் அவள். "நானாட ஃபோனுல அந்தப் படத்தப் பாத்துட்டு நானும் கணக்குப் பாத்தேன். ஒங்களோட ஈந்து பழகின பழக்கம். நாலு பேருக்கு முப்பத்தோராயிரத்தி எரநூறு. இந்த மனிசன் ஒரு பகலுக்கு அவ்வளவு விடப் போறார் எண்டா, உள்ளுக்குள்ள ஏதோ மாறித்தான் ஈக்கி எண்டு நினைச்சேன். ரெண்டு நாளா சந்தோசமா ஈந்தேன்."

இப்போதும் கொடுக்கிறேன் என்றான். காசைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, கொடுக்கிறேன், இன்னும் என்ன வேண்டும் சொல் என்றான். பணப்பையை வெளியில் எடுத்தே விட்டான்.

"இப்ப குடுப்பீங்க" என்றாள். "நான் எழும்பிப் போற எண்டா குடுப்பீங்க. அண்டைக்கும் நான் பேச்சு மூச்சில்லாம கெடந்ததுக்குப் பொறகு எல்லாத்தயும் குடுத்தீங்க தானே. அதுக்கு முந்தி ஒரு நாள்தான் நான் கேட்டது."

பணப்பையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அவள் எழுந்தாள். இல்ஹாமும் எழுந்தான். ஷஹ்மா தன் பங்கு இறால் துண்டைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டு, வாப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உம்மாவின் பின்னால் போனாள். படியில் அவர்கள் இறங்கும்போது இன்னும் மூன்று தட்டோடு சஞ்சீவனி சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

ரஸீன் பின்னால் ஓடினான். கார் கடைக்குக் கீழே, வீதியோரத்தில் நின்றது. ஜெஸீமா ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். கண்ணாடியில் கை வைத்துக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பின்சீட்டில் ஷஹ்மாவைச் சுற்றி மூட்டை முடிச்சாக இருந்தது. பெரிய உடுப்புப் பை இரண்டு. கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்துச் சீருடை, இஸ்திரி போட்டுக் கொளுவியில் தொங்கியது. போகும்போது அவள் எடுத்துப்போன தையல் மெஷின் காலடியில் கிடந்தது.

இதெல்லாம் என்ன மச்சான் என்று இல்ஹாமைக் கேட்டான். கேட்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது.

இல்ஹாமுக்கும் இதில் சந்தோசம் இல்லை.

"சாப்பிட்டு முடிஞ்சதும் நேரா ஒங்கட ஊட்டுல எறக்கி உடத்தான் தங்கச்சி சென்னா மச்சான்" என்றான். "காலையில அந்த மனுவயும் கிழிச்சிப் போட்டா. இனி இண்டைக்கு ராவு இன்னொண்டு எழுதோணும்."

கார் சரிவில் இறங்கி வாவியோர வாகன நெரிசலில் கலந்தது. ரஸீன் வீதியில் நின்றான். ஓட்டோக்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு, காசு கொடுக்காமல் வந்தது நினைவு வர, படியேறி மேலே போனான். எந்த நிலையிலும் பிறர் காசை வைத்துக்கொள்கிறவன் இல்லை அவன்.

மேசையில் நாலு தட்டும் இருந்தன. ஒன்று அவன் பிரித்துப் போட்டது, மூன்று கை படாதது. சஞ்சீவனிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பில்லை வைத்துவிட்டு ஒதுங்கப் பார்த்தாள். இதையெல்லாம் பார்சல் கட்டித் தர முடியுமா என்று கேட்டான். பச்சை மீன் இருப்பதால் வெளியே கொடுத்துவிட மாட்டார்கள், இங்கேயே சாப்பிட்டால்தான் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். திருப்பி எடுத்தால் கொட்டத்தான் வேண்டும் என்றாள்.

கொட்டத்தான் வேண்டும் என்ற சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. காசை வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தான். நாற்பத்தொரு வருடப் பழக்கம் அவனைத் தோளில் பிடித்து அமுக்கிக் கதிரையில் உட்கார வைத்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி, கை படாத முதல் தட்டை இழுத்தான். பச்சை மீனை எடுத்துச் சோஸில் தொட்டு வாயில் வைத்தான். கவிச்சை வாடை அடிக்கும் என்று எதிர்பார்த்தான், அடிக்கவில்லை. நெய்போல நாக்கில் கரைந்து போனது. இறால் மொறுமொறுவென்றிருந்தது. சூப்பில் ஓர் உப்பும் இனிப்பும். இப்படி ஒரு சாப்பாட்டை அவன் தன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. ஏழாயிரத்து எண்ணூறு கொடுக்கலாம், ஒராளுக்கே கொடுக்கலாம் என்று அவனைக் கேட்காமலே அவன் மனம் விலை சொல்லியது. மூன்று வருடத்துக்கு முதல் அந்த வாசலிலும் கொடுத்திருக்கலாம்.

கண்ணீர் மூக்கோரம் வழிந்து சோற்றில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. முதல் தட்டை வழித்து முடித்துவிட்டு, ஜெஸீமா உட்கார்ந்த இடத்தில் வைத்திருந்த இரண்டாவது தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.